ஆர்.ஓ. தண்ணீரில் கனிமத்தைத் திரும்பச் சேர்க்க: புதியவர்களுக்கு ஒரு கைக்கணக்கு

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "என்னடா இது, தண்ணி சப்புன்னு இருக்கு? தாகமே அடங்கல" என்றார். லிட்டருக்கு எத்தனை மி.கி. உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தேன். 18. எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீர் 900-க்குக் கீழே இறங்கியதே இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் சர்வீஸ் ஆள் வந்து புது மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) மாட்டி, "சார், பதினெட்டு! சூப்பர் தண்ணி" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். நானும் அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று தொடங்கி ஒரு வருடம் போல, மிஷின் திருகு, கார்ட்ரிட்ஜ், உப்புக் கரைசல் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். சிலதில் சொதப்பினேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் சொதப்பல்கள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மீட்டரில் எண்ணை ஏற்றுவது வேறு வேலை, தண்ணீரில் கனிமம் சேர்ப்பது வேறு வேலை. கடைக்காரர்களும் சர்வீஸ் ஆட்களும் பெரும்பாலும் முதல் வேலையைத்தான் செய்து தருகிறார்கள்.

எது போகிறது, எவ்வளவு வேண்டும்

ஆர்.ஓ. மெம்பரேன் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் எடுத்துவிடும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. சோடியம், குளோரைடு, நைட்ரேட், ஃப்ளோரைடு போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே போய்விடும். ஆனால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு மட்டும் மெம்பரேனைத் தாண்டி வந்துவிடும். அதைச் சமாளிக்கப் பைகார்பனேட் இல்லாததால் தண்ணீர் லேசாக அமிலப் பக்கம் சாயும். நாக்கில் சப்பென்று படுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

"ஆர்.ஓ. தண்ணீர் எலும்பைக் கரைத்துவிடும்" என்று ஒரு பயம் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. கோவைக்காரர்கள் தலைமுறையாகப் பெருமை பேசும் சிறுவாணித் தண்ணீர், மலைமழை நேராகச் சேர்ந்து வரும் மென்னீர்தான். அதிலும் கனிமம் குறைவு. நம் உடம்புக்கு வேண்டிய கால்சியம் முக்கியமாகச் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. லிட்டருக்கு 20 மி.கி. கால்சியம் உள்ள தண்ணீரை ஒருவர் தினம் இரண்டரை லிட்டர் குடித்தால் கிடைப்பது 50 மி.கி. ஒரு டம்ளர் பாலில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மி.கி. இருக்கிறது. ஆகவே வீட்டில் கேழ்வரகும் மோரும் கீரையும் புழங்கினால், தண்ணீரில் கனிமம் குறைந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் ஏன் சேர்க்க வேண்டும்? முதல் காரணம் ருசி. ருசி இல்லாவிட்டால் வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். எங்கள் அப்பாவே சாட்சி. இரண்டாவது, கனிமமே இல்லாத தண்ணீர் குழாய், பாத்திரம் போன்ற உலோகங்களை எளிதில் அரிக்கும். மூன்றாவது, உடல்நலம் பற்றிய ஓர் எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் செக் நாட்டு ஆய்வாளர் ஒருவர், உப்பு நீக்கிய தண்ணீரையே காலம் முழுக்கக் குடிப்பது நல்லதல்ல என்று வாதிட்டு, லிட்டருக்குக் குறைந்தது 20 மி.கி. கால்சியமும் 10 மி.கி. மெக்னீசியமும் இருக்கட்டும் என்று எழுதினார். நிறுவனம் இதைத் தன் கட்டாய அளவாக ஆக்கவில்லை. இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ள நல்ல இலக்கு இது. 20, 10. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

உங்களுக்கு ஆர்.ஓ. வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-ன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது. உங்கள் வீட்டுக்கு வருவது ஏரித் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ, அது 250, 300 காட்டுகிறது, பரிசோதனையிலும் கோளாறு இல்லை என்றால், கொதிக்கவைத்தோ, புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. வடிகட்டியில் விட்டோ குடித்துவிட்டுப் போகலாம். நல்ல கனிமத்தை எடுத்துக் கழிவுநீரில் விட்டுவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்கித் திரும்பப் போடுவானேன்?

பரிசோதனை என்றால் மீட்டர் இல்லை, ஆய்வகம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் பொதுமக்கள் கொண்டுபோகும் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மெக்னீசியம், குளோரைடு, நைட்ரேட், ஃப்ளோரைடு ஆகியவற்றைப் பாருங்கள். நைட்ரேட் 45-க்கு மேலே இருந்தாலோ ஃப்ளோரைடு 1.5-க்கு மேலே இருந்தாலோ ஆர்.ஓ. அவசியம், பேச்சே இல்லை.

மீட்டருக்குத் தெரிவதும் தெரியாததும்

பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கனிமத்தை அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு கணக்கில் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். 20 லிட்டர் கேனில் 2 கிராம் சாப்பாட்டு உப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். எண் சுமார் 100 ஏறும். கால்சியமோ மெக்னீசியமோ ஒரு துளிகூடக் கூடியிருக்காது. "தண்ணீரில் இந்துப்பு ஒரு சிட்டிகை போட்டால் கனிமம் வந்துவிடும்" என்கிற யோசனையின் லட்சணமும் இதுதான். இந்துப்பு கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். ரோஸ் நிறமாக இருக்கிறது என்பதற்காக அது வேறு பொருளாகிவிடாது.

மீட்டரைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மெம்பரேன் தேய்ந்துவிட்டதா, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று பார்க்க அது நன்றாக உதவும். கனிமத்தைப் பார்க்க வேறொன்று வேண்டும்: மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் கடினத்தன்மைச் சொட்டுப் பரிசோதனை. சென்னைக்காரர்கள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டால் 'ஜி.எச்., கே.எச். கிட்' என்று எடுத்துக் கொடுப்பார்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் குறிப்பிட்ட அளவு தண்ணீர் எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்டுகளில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்குச் சுமார் 18 மி.கி. கடினத்தன்மை. ஜி.எச். என்பது கால்சியம், மெக்னீசியம் இரண்டின் கூட்டு, கே.எச். என்பது பைகார்பனேட். ஆர்.ஓ. தண்ணீரில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிடும். அதாவது உள்ளே ஒன்றும் இல்லை.

முதல் வழி: மிஷினில் இருக்கும் திருகு

பல ஆர்.ஓ. மிஷின்களின் உள்ளே டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது எந்தக் கனிமத்தையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. மெம்பரேனுக்குப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைப் பக்கவழியாகக் கொண்டுவந்து ஆர்.ஓ. தண்ணீரோடு கலக்கிறது. செலவில்லாத வழி. மூலத்தண்ணீர் சுத்தமான கடினநீராக இருந்தால் நல்ல வழியும்கூட.

எவ்வளவு கலக்கிறது என்று கணக்குப் போடலாம். மூலத்தண்ணீர் 900, ஆர்.ஓ. 30, நமக்கு வேண்டியது 150 என்று வையுங்கள். வேண்டிய ஏற்றம் 120. இரண்டு தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் 870. 120-ஐ 870-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதாவது நீங்கள் குடிக்கும் தண்ணீரில் ஏழில் ஒன்று மெம்பரேனைப் பார்க்காத தண்ணீர்.

அறிக்கையில் ஃப்ளோரைடு 3 மி.கி. என்றிருந்தால், இந்தக் கலவையில் 0.4 போலத் திரும்பி வரும். வரம்புக்குள்தான். ஆனால் மூலத்தண்ணீர் 400, ஆர்.ஓ. 20, சர்வீஸ் ஆள் 200-க்குத் திருகு வைக்கிறார் என்றால்? அப்போது கிட்டத்தட்ட பாதித் தண்ணீர் மெம்பரேனுக்குப் போகாதது. அதே ஃப்ளோரைடு 1.4-ஐத் தொட்டுவிடும். மீட்டரில் 200 என்ற அழகான எண்தான் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பழைய பிரச்சினை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ராணிப்பேட்டை மாதிரி தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் குரோமியம் பற்றிய கவலை இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லிவிட்டு அடுத்த வழிகளுக்கு வாருங்கள்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. திருகு ஒரே விகிதத்தில் நிற்கும், தண்ணீர் அப்படி நிற்காது. எங்கள் சம்ப்பில் மழைக்காலத்தில் மெட்ரோ தண்ணீர், கோடையில் லாரி, நடுவில் போர். ஏப்ரலில் 150-க்கு வைத்த திருகு டிசம்பரில் 60 காட்டியது. பக்கவழித் தண்ணீர் யு.வி. விளக்குக்கு முன்னால் கலக்கிறதா, பின்னால் கலக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மிஷினில் பின்னால்தான் கலந்துகொண்டிருந்தது. கிருமி நீக்காத சம்ப் தண்ணீரை நாங்கள் மாதக்கணக்கில் குடித்திருக்கிறோம். மாட்டியவரிடம் கேட்டதற்கு, "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் போடுறோம்" என்றார். அன்றோடு திருகை மூடியாயிற்று.

இரண்டாவது வழி: மினரல் கார்ட்ரிட்ஜ்

ஒரு வெள்ளைக் குழல், உள்ளே கால்சைட் என்னும் சுண்ணாம்புக்கல் துகள்கள், சிலவற்றில் மெக்னீசியம் ஆக்சைடும் கலந்திருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு இந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றும். மழைநீர் சுண்ணாம்புப் பாறையில் இறங்கி ஊற்றுத் தண்ணீராவதும் இப்படித்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலைகளிலும் கடைசிக் கட்டத்தில் சுண்ணாம்போ சுண்ணாம்புக்கல்லோ சேர்த்துத்தான் தண்ணீரை ஊருக்கு விடுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அளவு தானாகவே நின்றுவிடும். கார்பன் டை ஆக்சைடு தீர்ந்தால் கல் கரைவது ஏறக்குறைய நின்றுபோகும். பிடிக்காத விஷயமும் அதுதான்: வீட்டுக் கார்ட்ரிட்ஜில் சில பத்து பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) ஏறினாலே பெரிது. டப்பாவில் எத்தனை வகைக் கனிமம் என்று போட்டிருந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். கால்சியம், மெக்னீசியம் இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாட்டுவது அரைமணி நேர வேலை. மிஷினின் மின்சாரத்தையும் தண்ணீர் வரும் குழாயையும் நிறுத்துங்கள். மெம்பரேனிலிருந்து தொட்டிக்குப் போகும் கால் அங்குல வெள்ளைக் குழாயைக் கண்டுபிடியுங்கள். நம் ஊர் சுவர் மிஷின்களில் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வெறும் சாய்வில்தான் இறங்குகிறது. அங்கே கார்ட்ரிட்ஜ் போட்டால் தண்ணீர் நூலாக வரும், அதனால் தொட்டிக்கு முன்னால்தான் போட வேண்டும். குழாயைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் இணைப்பில் கசியும். கார்ட்ரிட்ஜின் மேலுள்ள அம்புக்குறி தொட்டியைப் பார்க்க வேண்டும். இரண்டு முனையையும் அழுத்திச் சொருகி, இழுத்துப் பார்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் கசிவைக் கவனியுங்கள். முதலில் வரும் தண்ணீர் பால் மாதிரி இருக்கும். தெளியும் வரை ஒரு தொட்டித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால், உள்ளே தங்கிய தண்ணீர் சோப்பு மாதிரி வழவழப்பாகவோ கசப்பாகவோ இருக்கலாம். மெக்னீசியம் ஆக்சைடு கலந்த குழல்களில் இது அதிகம். முதல் இரண்டு லிட்டரைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் குழலை மாற்ற வேண்டும். மாற்றும் நாள் வந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்ப்பதைவிட, மாதம் ஒரு முறை சொட்டுப் பரிசோதனை செய்வது மேல்.

மூன்றாவது வழி: அளந்து போடும் உப்புக் கரைசல்

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. கேன் தண்ணீர் வாங்குபவர்களுக்கும் பொருந்தும். காபி ருசியில் பைத்தியமாக இருப்பவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

மூன்று பொருட்கள் வேண்டும். ஒன்று கால்சியம் குளோரைடு, உணவுத் தரம். சீஸ் செய்பவர்களுக்கான சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும்; பொட்டலத்தில் 'டைஹைட்ரேட்' என்று இருக்கட்டும். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் பொட்டலத்திலும் இதே பெயர் இருக்கும், அது உணவுக்கு அல்ல. இரண்டாவது மெக்னீசியம் சல்பேட், அதாவது நம் பேதி உப்பு. மருந்துக்கடையில் 'ஐ.பி.' (இந்திய மருந்துத் தரம்) என்று அச்சிட்டதை வாங்குங்கள். செடிக்கு வாங்கிய எப்சம் உப்பு வேண்டாம். பேதி உப்பு என்றதும் என் மனைவி கேனைப் பக்கத்தில் விடவில்லை. பேதிக்கு அதை ஒரே தடவையில் பத்துக் கிராமுக்கு மேல் கொடுப்பார்கள். நாம் போடப்போவது 20 லிட்டருக்கு 2 கிராம். மூன்றாவது, எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கும் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அதை எடுத்துவிடாதீர்கள்.

இவற்றோடு 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, மூடியுள்ள அரை லிட்டர் கண்ணாடிப் பாட்டில் மூன்று, மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்று, ஊசி இல்லாமல். டீஸ்பூன் கணக்கு வேண்டாம். ஈரம் பட்ட உப்பும் காய்ந்த உப்பும் கரண்டியில் ஒரே எடை வராது.

இனி அளவு.

1. பாட்டில்களைக் கொதிநீரில் கழுவிக் காயவையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதையே கரைசலுக்கு எடுங்கள்.
2. முதல் பாட்டிலில் கால்சியம் குளோரைடு 15 கிராம். கரையும்போது டைஹைட்ரேட்டும் லேசாகச் சூடாகும், நீரற்ற வகை இன்னும் அதிகமாகச் சூடாகும்; எது என்று லேபிளைத் திரும்பப் பாருங்கள். நீரற்றதென்றால் 11.3 கிராம் போதும்.
3. இரண்டாவது பாட்டிலில் பேதி உப்பு 20 கிராம்.
4. மூன்றாவதில் ஆப்ப சோடா 10 கிராம்.
5. ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். பெயர், தேதி, "அப்படியே குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.
6. 20 லிட்டர் கேனுக்கு ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் 50 மி.லி. முதலில் பேதி உப்பு, பிறகு சோடா, நன்றாகக் கலக்கிவிட்டுக் கடைசியில் கால்சியம். 10 லிட்டர் பானைக்கு 25 மி.லி.; ஒரு லிட்டர் பாட்டிலுக்கு இரண்டரை மி.லி.

ஒரு பாட்டில் பத்துக் கேனுக்கு வரும். மூன்று வாரத்துக்குள் தீராவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். மூன்றும் சேர்ந்தாலும் பெரிய விலை இல்லை.

இந்த அளவில் லிட்டருக்குக் கால்சியம் 20 மி.கி., மெக்னீசியம் 10 மி.கி. வரும். மேலே சொன்ன இலக்கு அப்படியே. கூடவே பைகார்பனேட் 36, சோடியம் 14 மி.கி. போல. சொட்டுப் பரிசோதனையில் ஜி.எச். ஐந்து அல்லது ஆறு சொட்டிலும் கே.எச். இரண்டு சொட்டிலும் நிறம் மாறினால் கை சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் 150-ஐ ஒட்டி ஏதாவது காட்டும், 140 என்றாலும் 180 என்றாலும் பதற வேண்டாம்.

என் சொதப்பலையும் சொல்கிறேன். மூன்று பாட்டில் எதற்கு, ஒன்றே போதுமே என்று ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கரைத்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளே தயிர் திரிந்தமாதிரி வெள்ளையாகக் கலங்கி, மறுநாள் காலை அடியில் சுண்ணாம்பாகப் படிந்திருந்தது. அடர்த்தியாக இருக்கும்போது கால்சியமும் சோடாவும் சேர்ந்தால் சுண்ணாம்பு. கால்சியமும் பேதி உப்பும் சேர்ந்தால் ஜிப்சம். கேனில் ஏராளமான தண்ணீரில் சேரும்போது இந்தச் சிக்கல் வராது. அதனால்தான் மூன்று பாட்டில், அதனால்தான் கால்சியம் கடைசியில்.

நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கூட்டிக் குறைக்கலாம். கசப்புத் தட்டினால் பேதி உப்பைப் பாதியாக்குங்கள். உப்புக் கரித்தால் கால்சியத்தைக் கொஞ்சம் குறையுங்கள். சோடா வாசம் போல, வழுக்குகிற மாதிரி இருந்தால் மூன்றாவது பாட்டிலைக் குறையுங்கள். முதல் வாரம் எல்லாவற்றிலும் பாதி அளவு போட்டுத் தொடங்குவது நல்லது. 18 குடித்துப் பழகிய நாக்குக்கு 150 திடீரென்று கனமாகத் தெரியும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூன்று நாள் முகம் சுளித்தார்கள்.

இவற்றை நம்பி இருக்க வேண்டாம்

வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு சிட்டிகை போடச் சொல்பவர்கள் உண்டு. கால்சியம் கிடைக்கும்தான். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் அதன் காரத்தைத் தாங்க எதுவும் இல்லை. லிட்டருக்கு 20 மி.கி. கால்சியம் சுண்ணாம்பிலிருந்து வர வேண்டுமானால் தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். எண் 11 வரைகூடப் போய்விடலாம். ஆலைகளில் சுண்ணாம்போடு கார்பன் டை ஆக்சைடையும் விட்டுச் சமன் செய்வார்கள். வீட்டில் அது முடியாது.

மண்பானை குளிர்ச்சி தரும், மண்வாசம் தரும். எங்கள் பழகிய பானையில் இரவு முழுக்க வைத்து அளந்தபோது எண் ஏறியது மிகக் கொஞ்சம். பானையை விடச் சொல்லவில்லை, கேனில் கரைசலைக் கலந்துவிட்டுப் பானையில் ஊற்றுங்கள், ருசி இரட்டிப்பாகும். தேற்றாங்கொட்டை கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் பொருள், ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கு வேலையே இல்லை. செம்புக் குடத்தில் ஆர்.ஓ. தண்ணீரை நாள் கணக்கில் வைக்காதீர்கள். கனிமமில்லாத, லேசான அமிலத் தண்ணீர் செம்பை அதிகமாகக் கரைத்து எடுக்கும். நமக்குக் குறைவது செம்பு இல்லை.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சிறுநீரகம் மெக்னீசியத்தை வெளியேற்றச் சிரமப்பட்டால், கொஞ்சம் சேர்த்தாலும் அது உடம்பில் தேங்கிவிடும். இதே காரணத்தால், சோடாவுக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட் போடச் சொல்லும் செய்முறைகளையும் அவர்கள் தொடக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கும் தண்ணீரில் எதையும் சேர்க்காதீர்கள். ரத்த அழுத்தக்காரர்களுக்கு இதில் வரும் சோடியம் ஒரு நாளைக்கு 35 மி.கி. போலத்தான், அப்பளம் ஒன்றில் அதைவிட அதிகம் இருக்கும். ஆனாலும் கடுமையான உப்புக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

அன்றாடப் புழக்கத்தில்

ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது, கரைசல் சேர்த்தாலும் அது வராது. கலந்த தண்ணீரை மூடிவைத்து இரண்டு நாளில் குடித்துத் தீர்த்துவிடுங்கள். கேனை வாரம் ஒரு முறை கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள்.

கொண்டைக்கடலை, துவரம்பருப்பு வேகவைக்கச் சேர்க்காத தண்ணீரே நல்லது. கால்சியம் பருப்பை இறுக்கி வேகவிடாது. போர் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதைத்தான். காபிக்கு நேர்மாறு. அதே பில்டர், அதே பொடி, இந்தத் தண்ணீரில் டிகாக்‌ஷன் தடிமனாக இறங்குகிறது. சிறப்புக் காபி சங்கம் என்ற பன்னாட்டு அமைப்பு காபிக்கு வைத்த அளவும் 150 பிபிஎம்தான், 18 இல்லை. அப்பா இப்போதெல்லாம் தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காபி மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்கிறார்.

கடைசியாக ஒன்று. இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் நீராவி இஸ்திரிப் பெட்டிக்கும் இந்தக் கேனிலிருந்து எடுத்து ஊற்றிவிடாதீர்கள். பேட்டரிக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்கூட ஆகாது, காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலில் தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்கி ஊற்றுங்கள்.